கெட்டிலுக்கு ஊற்றிய மிச்சம்

குளித்த மறுநாளே என் தலை
பஜ்ஜி மடித்த தாள்.
நெற்றியோரம் ஒட்டிய முடி
ஊதினாலும் அசையாது.

எண்ணெய் வைப்பதில்லை நான். சத்தியமாக.
மாம்பழக்கூழ் ஆலையில்
கொப்பரை ஆவிக்கும் வலைத்தொப்பிக்கும் நடுவே
பன்னிரண்டு மணி நேரம் வேகிற தலை
தானே காய்ச்சிக்கொள்கிறது.

முதலில் பவுடர் போட்டேன்.
கொஞ்சம் எண்ணெயை எடுத்துக்கொண்டு
நிறைய நரையைத் தந்தது.
நரையை மறைக்க சீரம்.
சீரம் பிசுபிசுக்க, சரம் சரமாக ஷாம்பு பாக்கெட்.
ஷாம்பு வறட்ட, வேர்வரை கண்டிஷனர்.
குழுக்கடனை அடைக்க
இன்னொரு குழுவில் சேர்ந்தவள் போல
ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசினேன்.
சீப்பின் பல்லிடுக்கில் வட்டி ஏறியது,
சாம்பல் நிறத்தில்,
சுரண்டினால் நகக்கண்ணில் மெழுகாய்.

லண்டன்பேட்டை மாடி அறை.
போர் தண்ணீரில் நுரை வராது,
திரிந்த பால் மாதிரி திப்பிதிப்பியாய் நிற்கும்.
ஒகேனக்கல் தண்ணீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை.
தலைக்கு மூன்று குடம் என்பார் வீட்டுக்காரம்மா.
அவர் சொல்லும் தலை வேறு.

ஞாயிறு காலை ஜபீனா கெட்டிலைக் கழுவினாள்.
அடியில் முட்டை ஓடு போலச் சுண்ணாம்பு.
கீழே வண்டிக்கடை நாகோஜியிடம்
கால் பாட்டில் வினிகர் கேட்டு வாங்கி ஊற்ற,
பொரிந்து பொரிந்து
கழன்று வந்தது.
நான் கெட்டிலைப் பார்த்தேன்.
அவள் என் தலையைப் பார்த்தாள்.

"வேணாம்டி."
"அதே தண்ணி, அதே உப்பு.
கெட்டில் கத்துச்சா? குனி."

ஒரு சொம்பு தண்ணீரில் இரண்டே மூடி.
உச்சியிலிருந்து முதுகுவரை
நாகோஜியின் கோபி மஞ்சூரியன் வாசம் இறங்கியது.
ஐந்து நிமிடம் என்றாள்.
அதற்குள் மாடிப்படிப் பூனை வந்து
நம்பிக்கையோடு உட்கார்ந்தது.

பிறகு ஷாம்பு, ஒரே பாக்கெட்.
நகத்தால் இல்லை, விரல் நுனியால்.
கண்டிஷனர் முடிநுனிக்கு மட்டும்,
"வேருக்கு ஏற்கெனவே விருந்து நடக்குது."

கடைசியில் ஒகேனக்கல், ஒரு குடம்.
முக்கால் என் பங்கு. கால் அவளுடையது,
கேட்காமலே ஊற்றினாள்.
வீட்டுக்காரம்மா செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று
ஒரு காது வாசலில்.
குடிக்கிற தண்ணீர் கழுத்தில் வழிந்து
உதட்டுக்கு வந்தபோது
நக்கிக்கொண்டேன்.

காய்ந்ததும், யாருடைய சுமையையோ
தவறுதலாக இத்தனை நாள் தூக்கியிருந்த மாதிரி.

திங்கட்கிழமை
வலைக்குள் நிற்கவில்லை.
காதோரம் ஒன்று, பிடரியில் இரண்டு
ரப்பரை மீறி எட்டிப் பார்த்தன.
கிரிதரன் சார் வந்தார்.
"நாற்பத்தொன்று! ஒரு முடி டின்னில் விழுந்தா
மொத்த லாட்டும் திரும்பி வரும்.
போன வாரம் ஒழுங்காத்தானே இருந்தது?"

போன வாரம் ஒட்டிக் கிடந்தது, சார்.
சொல்லவில்லை.
இன்னொரு வலை வாங்கி மேலே மாட்டினேன்.
எப்படியும் புதன்கிழமை அடங்கிவிடும்.

பெல்ட்டில் பெங்களூரா வந்துகொண்டே இருந்தது.
அவர் அந்தப் பக்கம் திரும்பியதும்
இரண்டு வலைக்கும் அடியில் ஒரு விரலை நுழைத்து
ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு
விதிப்படி
கை கழுவப் போனேன்.