பிளாக்

எங்களிடம் வந்தபோது அந்தச் சொல்லுக்கு
ஒரே ஓர் அர்த்தம்தான்.
பதினாலாம் பிளாக் என்றால் முப்பது ஏக்கர் செம்பனை,
ஆற்றோரம், லாலான் புல், மழை விட்டால் அட்டை.
என் வீட்டுக்காரர் மருதையன் அங்கே குலை வெட்டினார்.
நான் பதினாறில் மருந்தடித்தேன்.
நடுவில் இருந்த பதினைந்தைக்
குறுக்கே நடந்து கடப்பேன் பத்து மணிக்கு.
ஒரே மங்கு, இரண்டு கை.
மண்டோர் பார்த்தும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

தோட்டத்தை விற்றார்கள்.
பீடோரில் மலிவு விலை அடுக்குமாடி கிடைத்தது,
சி பிளாக், நாலாவது மாடி.
கீழே இறங்கினால் கொய்யாப்பழக் கடைகள்,
ஈப்போ போகிற கார்கள்.
சாக்கடை அடைத்துக்கொண்டால் நகராட்சி ஆள் வந்து
குச்சியால் ஒரு குத்து குத்தி
"பிளாக்" என்று சொல்லிவிட்டுப் போவான்.
சொன்னதோடு அவன் வேலை முடிந்தது.
நாற்றம் எங்களோடு இருந்தது.

இவர் மட்டும் விடியலில் லோரி ஏறி
வேறொரு தோட்டத்துக்குக் குலை வெட்டப் போனார்.
அங்கேயும் ஒரு பதினாலு இருக்குதாம்.
சும்மா சொன்னாரோ என்னவோ.

யோகேஸ்வரி பாசிர் கூடாங்கில், தொழிற்சாலையில்.
அவள் ஐசி நகலைக் கொடுத்து
ஆலோங்கிடம் நாலாயிரம் வெள்ளி வாங்கியிருந்தார் இவர்,
நாலு நம்பர் எழுத.
நம்பர் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள்,
இங்கே அல்ல, அவளுடைய வாடகை வீட்டுக்கு.
தீபாவளிக்கு முந்தின நாள்
கதவில் ஊற்றியிருந்த சிவப்புச் சாயத்தை
ராத்திரி இரண்டு மணி வரை தேய்த்தாளாம்.

அதிலிருந்து இவர் அனுப்புவதெல்லாம்
ஒற்றை டிக்கோடு நின்றன.
"அங்க லைன் இல்லபோல" என்பார்.
மூன்று மாதம் லைன் இல்லை.
கடைசியில் கைப்பேசிக் கடைச் சீனப் பையன்
வாங்கிப் பார்த்தான். "அங்கிள், பிளாக்" என்றான்.
காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை குலைமேல் விழுந்து கிடந்தார்.
தாப்பா ஆஸ்பத்திரியில், மீசை முளைக்காத மலாய் டாக்டர்
நீளத் தாள் ஒன்றை விரித்துப் பிடித்தார்.
ஹார்ட் பிளாக்.
நர்ஸ் தமிழில் சொன்னாள்,
மேல் அறை கூப்பிடுதுக்கா,
கீழ் அறைக்குப் போய்ச் சேரல.
பேட்டரி வைக்கணும், ஈப்போவுக்குப் போகணும்.
இவர் கண்ணைத் திறந்து
"பதினாலா?" என்றார்.

என் விரல் நடுங்கியது.
"அப்பாவுக்கு பிளாக்"
அவ்வளவுதான் அடித்தேன். போய்விட்டது.
உடனே நீலமானது. உடனே பதிலும்.
"தெரியும். நான்தான் போட்டேன்."

ஆம்புலன்சில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
நான்தான் போட்டேன்.
மழை. கோப்பெங் பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன,
ரோட் பிளாக்.
போலீஸ்காரர் கண்ணாடி வழியே விளக்கடித்தார்.
ஒளி இவர் பாதத்தில் விழுந்தது,
விரலிடுக்கில் இன்னும் தோட்டத்து மண்.
ஒன்றும் கேட்காமல் தடுப்பை இழுத்து ஓரம் போட்டார்.

வண்டி நகர்ந்தபோது
இன்னும் ஒரே ஒரு சொல் அடித்து அனுப்பினேன்.
"நெஞ்சில்."

அதற்குப் பதில் இல்லை.
நாற்காலியிலேயே ராத்திரி போனது.
பக்கத்துக் கட்டில் ஆள் தூக்கத்தில் யாரையோ திட்டினார்.
ஜொகூரிலிருந்து பஸ் எத்தனை மணி நேரம் என்று
எண்ணாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஆறரைக்குப் போன் வந்தது.
பின்னால் மோட்டார் சத்தம், நாசிலெமாக் விற்கிற குரல்.
"அம்மா, கேட்டுகிட்ட நிக்கிறேன்.
எந்த பிளாக்?"

பதினாலு என்று சொல்லிவிட்டேன்.
பிறகுதான் திருத்தினேன்.
ஜி. மூணாவது மாடி.
லிப்ட் வேலை செய்யல,
படியில வா.