ஆறடி

முதல் வார் நைலான், ஊதா நிறம்.
சத்துவாச்சாரிக் கடைக்காரன் இழுத்துக் காட்டினான்:
"யானையையே கட்டலாம்மா."
யானை கடிக்காது போல.
ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால்
வாசலெல்லாம் ஊதா நூல்,
நடுவில் சில்லறை, வாலாட்டியபடி.

இரண்டாவது, சங்கிலி.
அறாது, கடிபடாது,
எடை போட்டு வாங்கியது.
கையில் எடுத்ததும் அது கலகலத்ததில்
கட்டிலுக்கு அடியில் போய்
தரையோடு தரையாகிவிட்டான்.
அன்றைக்குத்தான் விரலால் தேடினேன்.
கழுத்து ரோமத்துக்குள்
முடி முளைக்காத ஒரு வளையம்.
நாளெல்லாம் அடுத்தவர் எலும்பைப் படம்பிடிக்கிறவளுக்கு
இதைப் பார்க்க நாலு மாதம்.

மணிக்கட்டு விரிசலோடு வந்திருந்தார்
ஆம்பூர் நிசார் பாய்,
ஷூ கம்பெனியில் கட்டிங்.
"கையை அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு
நாய்க்கு ஒரு வார் செய்து தர முடியுமா என்றேன்.
அசையாமலே திருப்பிக் கேட்டார்:
"இழுக்கிற நாயா, பதர்ற நாயா?"

பாகாயம் முனையில்
தண்ணீர் லாரி பிரேக் போட்டுச் சீறியபோது
என் முழங்காலைத் தார்ரோட்டில் தேய்த்தானே,
அது எது?

"இழுக்கிறதுக்கு குட்டையா, கனமா போடலாம்.
பதர்றதுக்கு நீளம் வேணும்மா.
தப்பிச்சுட்டோம்னு அது நினைக்கிற அளவுக்கு.
தோலு அறாது. கொக்கிதான் விடும்.
காசை அங்க போடுங்க."

மாவுக்கட்டு பிரிக்க வந்த அன்று கொண்டுவந்தார்.
எருமைத்தோல், இரட்டைத் தையல்,
கட்டைவிரல் தடிமனில் பித்தளைக் கொக்கி,
கழுத்துக்கு இல்லாமல்
மார்புக்கு ஒரு பட்டை.
எண்ணூறு வாங்கிக்கொண்டார், பேரம் பேசவிடவில்லை.

மூன்று நாள் மாட்டாமல்
பாய்மேல் போட்டு வைத்தேன்.
முகர்ந்தான். நக்கினான்.
ஒரு முனையை மட்டும் மென்று பார்த்துவிட்டு
அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கினான்.

ஞாயிறு, பாலாற்று மணல்.
காட்பாடிப் பக்கமிருந்து ரயில் பாலத்தில் ஏறியதும்
பாய்ந்தான்.
மூன்றடி, ஐந்தடி,
ஆறு முடிகிற இடத்தில்
நான் இழுக்கவில்லை.
கூடவே இரண்டு எட்டு ஓடி
மணலில் உட்கார்ந்துவிட்டேன்.
கடைசிப் பெட்டி கடக்கும்வரை
வார் விறைத்து நின்றது,
அதன் வழியாக அவன் நெஞ்சு
என் உள்ளங்கையில் அடித்தது.

பிறகு தொய்ந்தது.
முதலில் ஒரு விரற்கடை,
அப்புறம் ஒரு சாண்.
சில்லறை திரும்பி என்னைப் பார்த்தான்,
பக்கத்தில் இருந்த கருவேலஞ்செடியை முகர்ந்தான்,
காலைத் தூக்கினான்.