சிப்பி கலந்த சிமெண்ட்

ராத்திரி பதினோரு மணிக்கு
வெள்ளித் தட்டாய்த் தேய்த்து வைத்த தகடு
சுபுஹு பாங்குக்குள் மஞ்சள் பூசியிருந்தது.
கொண்டல் காற்றுக்குக் கையில்லை என்று யார் சொன்னது?
வேதாளையில் இரும்பு வளர்க்கிறவன்
ப்ரைமர் அடித்துவிட்டுத்தான்
சோற்றில் கை வைக்க வேண்டும்.

அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்டு.
உச்சிப்புளி பழைய இரும்புக் கடையில்
கிலோக் கணக்கில் எடுத்தேன்.
நம்பர் பலகை இல்லை. பின்சீட்டில் கோழி அடைந்திருந்தது.
“சின்ன வண்டிக்கு நல்ல கனம்” என்று
கடைக்காரர் தராசைப் பார்த்துச் சிரித்தார்.
எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வீட்டுப் பின்பக்கம், கிடுகுக் கொட்டகை.
பாடியைச் சேஸிஸிலிருந்து பிரிக்க வேண்டும்.
மூன்று போல்ட் கழன்றது,
மிச்சமெல்லாம் முறிந்தது.
வள்ளம் கரையேற்றும் நாலு பேரே வந்து தூக்கினார்கள்.
“என்னப்பா, உள்ளே ஆள் இருக்கா?” என்றான் சீனிக்கட்டி.

பிறகு சுரண்டினேன்.
மேலே பச்சை. ஏதோ கல்யாண மண்டபத்துப் பச்சை.
அதற்கடியில் கருநீலம்.
அதற்கும் அடியில், நகக்கண் அகலத்துக்கு,
பால்வெள்ளை.
கை அங்கே நின்றுவிட்டது.

மண்டபத்தில் ஒரே ஒரு பால்வெள்ளை ஹெரால்டுதான் ஓடியது.
ஜுலைகா டாக்டரம்மா ஓட்டுவார்.
ஹாரன் அடிக்க மாட்டார். ஆடு தானாக விலகும்வரை
இஞ்சினை உறுமவிட்டுக் காத்திருப்பார்.

இடப்பக்க ரன்னிங் போர்டைக் கிரைண்டர் வைத்துப் பிளந்தேன்.
தகடு இல்லை.
உள்ளே முழுக்கச் சிமெண்ட்,
கடல்மணலில் குழைத்தது.
சின்னச் சின்னச் சிப்பிகள்
பல்லைக் காட்டிக்கொண்டு.
அதன் மேல் கட்டைவிரலால் இழுத்த தடம்,
ஓரத்தில் கொஞ்சம் வழுக்கி.

எனக்கு அப்போது பத்தொன்பது வயசு.
டிங்கர் கடையில் மொதலாளி ஊரில் இல்லாத நாள்.
கேஸ் தீர்ந்திருந்தது. மாலைக்குள் வண்டி வேண்டும்.
பில்லில் நான்தான் எழுதினேன்:
வெல்டிங் வைத்துத் தகடு மாற்றியது, ரூபாய் நூற்றெண்பது.
டாக்டரம்மா இருநூறு கொடுத்து
மிச்சத்துக்கு டீ குடிக்கச் சொன்னார்.
குடித்தேன்.

உப்பு வெளியிலிருந்து வரும் என்றுதான்
இத்தனை நாளும் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

புதுத் தகடு வெட்டி,
தண்டவாளத் துண்டை அடியில் கொடுத்து,
தட்டித் தட்டி வளைத்தேன், ஒன்பது நாள்.
மரச்சுத்தியலின் பிடி இரண்டு தரம் மாற்றினேன்.
பின்னால் இடப்பக்க வால் மட்டும்
தட்டத் தட்டப் பொடியாய் உதிர்ந்தது.

பாம்பனில் ஃபைபர் வள்ளம் பூசுகிற ரூபினா
மேட்டும் ரெசினும் வாளியில் கொண்டுவந்தாள்.
நல்லாயிருந்த வலப்பக்க வாலில் அச்செடுத்தோம்.
காய்ந்ததும் இடப்பக்கம் வைத்துப் பார்த்தால்
வலக்கால் செருப்பு.
ஒரு வாளி ரெசின் போனது.
இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
அப்புறம் கண்மதிப்பிலேயே இழைத்தாள்.
அரை விரல் உயரம், கொஞ்சம் கூர்மை.
“நாக்கு மீனுக்கு ரெண்டு கண்ணும் ஒரே பக்கம்.
அது நீந்தலையா?” என்று
கையைத் தின்னரில் கழுவினாள்.
அப்படியே விட்டுவிட்டேன்.

காற்று அசையாத ஒரு விடியலில்
கொசுவலைக்குள் நின்று பெயிண்ட் அடித்தேன். பால்வெள்ளை.
பானெட்டில் ஒரு ஈசல் ஒட்டிக்கொண்டது.
எடுத்தால் தழும்பு விழும்.
இருக்கிறது.

மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார் டாக்டரம்மா.
நம்பர் வாங்க மூன்று நாள்,
அழுத்த இன்னும் நாலு நாள்.
சிமெண்ட், சிப்பி, நூற்றெண்பது ரூபாய் எல்லாம் சொன்னேன்.
அந்தப் பக்கம் மிக்ஸி ஓடி ஓய்ந்தது.

“அன்னைக்கே தெரியும்பா.
கதவைச் சாத்தினா
சுவர் மாதிரிச் சத்தம் வந்துச்சே.”

எப்படி இருக்கிறது வண்டி என்று கேட்டார்.
போனைக் காதில் வைத்தபடியே போய்
இடப்பக்கக் கதவைச் சாத்தினேன்.
“கேட்குதா?” என்றேன்.
“இன்னொரு தரம்” என்றார்.