பத்தேகால் வெயில்

ஓசூரில் கார்த்திகை பாதியிலேயே
குழாய்த் தண்ணீரில் விரல் மரத்துவிடும்.
அதை நேரே செடிக்கு ஊற்றிடாதே என்று
மணிபிளாண்ட் கொடியைக் கிள்ளித் தந்த அன்றே
பக்கத்து வீட்டு ஜபீனா சொல்லியிருந்தாள்.
இரவே சொம்பில் பிடித்து
அடுப்பு மேடையில் வைத்துவிடுவேன்.
விடிந்தால் அதற்கும் எங்கள் அறைக்கும்
ஒரே குளிர்.

ஐந்து தொட்டி.
அதில் இரண்டு தொட்டியே இல்லை:
ஒன்று பெயின்ட் டப்பா,
ஒன்று கைப்பிடி போன குக்கர்.
குரோட்டன், மருள், கற்றாழை, கொடி,
அப்புறம் பெயர் தெரியாத ஒன்று.

போன வருஷம் வாடுகிறதே என்று ஊற்றினேன்.
ஊற்றியதால்தான் வாடியது என்று தெரிவதற்குள்
தை பிறந்துவிட்டது.
குக்கரைக் கவிழ்த்துப் பார்த்தால்
வேர், குழைந்த சோறாய் விரலில் மசிந்தது.

இப்போதெல்லாம் ஆள்காட்டி விரலை
இரண்டாவது கணு வரைக்கும் மண்ணில் விடுகிறேன்.
ஈரம் தட்டினால்
ஒன்றும் செய்யாமல் எழுந்துகொள்ள வேண்டும்.
அதுதான் கஷ்டம்.
சொம்பைத் தூக்கிப் போன கை
சொம்போடு திரும்ப வேண்டும்.

பண்ணையில் இந்தப் பேச்சே கிடையாது.
பாகலூர் தாண்டி, பிளாஸ்டிக் கூரைக்குள்
ரோஜாவுக்குப் பனிக்காலம் வர அனுமதியில்லை.
டிசம்பரில் கிள்ளி, நாள் எண்ணி, மருந்து எண்ணி,
மொட்டுக்கு மொட்டு வலைத்தொப்பி மாட்டி
பிப்ரவரி பிறக்கும்போது பெட்டியில் இருக்க வேண்டும்.
சாயங்காலம் பக்கத்துத் திரைகளை இறக்குவதும்
காலையில் கைப்பிடி சுற்றி ஏற்றுவதும் என் வேலை.
ஐந்து நிமிஷம் பிந்தினால் சூப்பர்வைசர் ருத்ரேஷ்
வெப்பமானியை நகத்தால் தட்டிக் காட்டுவார்,
ஆட்டோ மீட்டரைக் காட்டுவது மாதிரி.

வீட்டில் எனக்கு ஒரே ஜன்னல்.
தெற்குப் பார்த்தது.
கோடை முழுக்க வெயில் அதை எட்டிக்கூடப் பார்க்காது.
மார்கழியில்தான் சூரியன் தாழ நடந்து
எதிர் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கமாய்
பத்தேகாலுக்கு உள்ளே நுழையும்.
முக்கால் மணி நேரம்.
கம்பி நிழலோடு தரையில் ஏறி
பாயில் ஏறி
மாதப்பன் முகத்தில் நிற்கும்.

நைட் ஷிப்ட் முடிந்து ஏழுக்கு வந்து
அப்படியே சாய்கிற ஆள்.
மெஷின் சத்தம் காதை விட்டு இறங்கவே
ஒரு மணி நேரம் ஆகும் என்பார்.
நீலத் திரையை இழுத்துவிட்டு
அதன்மேல் என் பழைய சேலையையும் கிளிப் போட்டுவிட்டு
பண்ணை வேன் ஏறுவேன்.
செடிகளிடம், சும்மாதான், சொல்லிவிட்டுப் போவேன்:
ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கோங்க.

இந்த வருஷம் குரோட்டன் ஓர் இலைகூட உதிர்க்கவில்லை.
தண்ணீரைக் குறைத்த கெட்டிக்காரத்தனம் என்று
ஜபீனாவிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

போன புதன், நகக்கண்ணில் முள் ஏறி,
ஊசி போட்டு, கட்டுக் கட்டி
பத்தரைக்கே அனுப்பிவிட்டார்கள்.
அவர் எழுந்துவிடக் கூடாதென்று
பூனை மாதிரி பூட்டைத் திறந்தேன்.

அறை முழுக்க வெளிச்சம்.
சேலை நாலாய் மடித்து பீரோமேல் இருந்தது.
பாய் விரித்திருந்த இடத்தில் ஐந்து தொட்டியும்,
கம்பி நிழல் விழாத இடமாய்ப் பார்த்து
கோணல்மாணலாக.
பீரோவுக்குப் பின்னால்,
அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில்,
முழங்கால் மடக்கி,
மங்கி குல்லாவை மூக்கு வரை இழுத்துவிட்டுத்
தூங்கிக்கொண்டிருந்தார்.
காதோரம் செல்போன்.
பதினொன்று ஐந்துக்கு அலாரம்.

வந்த மாதிரியே வெளியே வந்து
மாடிப்படியில் உட்கார்ந்தேன்.
கட்டுக்குள் விரல் தெறித்தது.
அலாரம் அடித்தது, சட்டென்று நின்றது.
குக்கர் தரையில் உரசுகிற சத்தம்.
பெயின்ட் டப்பாவின் கம்பி.
பிறகு திரை வளையங்கள்.
பிறகு ஒன்றுமில்லை.
சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
ஜபீனா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

சாயங்காலம் கட்டைப் பார்த்துப் பதறி
எப்ப வந்தே, என்றார்.

இப்பத்தான், என்றேன்.