கடைக்கண்ணி

முதலில் அடிமண்ணைக் கேட்க வேண்டும் என்றேன்.
கலியமூர்த்தி மழவராயர் சிரித்தார்.
"கப்பல் மேல மிதக்குது. மண்ணை எதுக்குய்யா கேக்கணும்?"

நீடாமங்கலத்தில் இரண்டு அரிசி ஆலை.
கொச்சி ஏலத்தில் எடுத்த எண்பதடி மோட்டார் படகு,
பெயர் அம்சவேணி.
வரும்போதே அதன் மூக்கில்
ஒரு நங்கூரம் தொங்கியது.
பளபளக்கும் எஃகு, முகம் பார்த்துத் தலை சீவலாம்.
தொங்குவதற்கென்றே செய்தது.

காரைக்காலில் நெய்னா மரைக்கான் கிடங்கு.
தவிட்டுச் சாக்கின் மேல் படுத்திருந்தன
ஏர்க்கொழு போல் ஒன்று,
நண்டுக்கை போல் ஒன்று,
இரண்டு அகன்ற தகடுகளை
விரித்து மடக்கும் ஒன்று.
"எடைக்கு விலையா, உருவத்துக்கு விலையா?"
"பிடிக்கு விலை, மொதலாளி" என்றார் நெய்னா.
பிறகு எடைக்குத்தான் போட்டார்.

அன்று மாலை ஃபைபர் படகில்
அரசலாற்று முகத்துக்கு வெளியே போனோம்.
ஈயக்குண்டின் அடிக்குழியில்
துணிசோப்பை அப்பி இறக்கினேன்.
நாலு பாகம்.
சோப்பில் ஒட்டி வந்ததை
மழவராயர் விரலில் வழித்தார், தேய்த்தார்,
மூக்கருகே கொண்டுபோனார்.
கடலைப் பார்க்கவே இல்லை.
"அட, இது தொளிய்யா.
மூணு சால் ஓட்டிப் பரம்படிச்ச தொளி.
டிராக்டருக்கே இரும்புச் சக்கரம் மாட்டணும்."
சற்று நேரம் கழித்து,
"கொழு இதுல வழுக்கிட்டுப் போயிரும்.
அந்தத் தகடு வச்சதை எடு."
நான் சொல்ல வைத்திருந்த வாக்கியத்தை
விழுங்கிக்கொண்டேன்.
மணல் திட்டுக்குக் கொழுவும் வேண்டும் என்று
இரண்டாவதையும் தலையில் கட்டினார் நெய்னா.
அதுவும் சரிதான்.

சங்கிலியில்தான் சண்டை.
"பதினாறு மில்லி போடு. பெரிசுதானே நல்லது?"
விஞ்சின் பல் கவ்வாது என்றேன்.
நம்பவில்லை. பத்துக் கண்ணியை
மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு
படகுக்கே வந்து சக்கரத்தில் வைத்துப் பார்த்தார்.
கண்ணி பள்ளத்தில் இறங்காமல்
துருத்திக்கொண்டு நின்றது,
சின்னப் பானைக்குப் பெரிய மூடி மாதிரி.
பதின்மூன்று மில்லி, துத்தநாகம் தோய்த்தது, நூறு மீட்டர்.
மனக்கணக்குப் போட்டார்:
"அஞ்சு மூட்டை அரிசி."
இதற்கு மேல் ஏற்றினால் மூக்கு தண்ணீர் குடிக்கும்.

நங்கூரம் பிடிக்கிறது என்பது பாதிப் பேச்சு.
சேற்றில் சும்மா கிடக்கிற சங்கிலிதான்
காற்று இழுக்கும்போதெல்லாம்
ஒரு கண்ணி எழுந்து, ஒரு கண்ணி படுத்து
இழுப்பைத் தரையோடு தரையாய் அனுப்புகிறது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சங்கிலி அறைக்குள் குனிந்து
கடைசிக் கண்ணியை வளையத்தோடு
நைலான் கயிற்றால் கட்டினேன்.
டார்ச் பிடித்திருந்தவர் கை ஆடியது.
"ரெண்டு லட்சத்துக்கு இரும்பு வாங்கி
கடைசில கயித்துலயா கட்டுற?"
"ஆமாங்க."
"ஷேக்கிள் போட்டா என்ன?"
"போட்டா, அறுக்க முடியாது."
கயிறு மேல்தளம் வரை எட்டும் நீளம்.
கத்தி படும் நீளம்.
டார்ச்சை அணைத்தார், மறுபடி போட்டார்.
"நீ அறுத்திருக்கியா?"
"ஒரு தடவை."
எந்தப் புயல், எந்தக் கப்பல், யார் என்று
கேட்பார் என நினைத்தேன்.
கேட்கவில்லை.

மார்கழி. வாடை ஏறிய இரவு.
இருபத்தைந்து பாகம் விட்டிருந்தேன்.
மூக்கில் உட்கார்ந்து
வெறுங்காலைச் சங்கிலி மேல் வைத்திருந்தேன்.
இழுபட்டால் உள்ளங்காலில்
கல்லரிசி கடிபட்ட மாதிரி நறநறக்கும்.
இல்லை. ஈரம் மட்டும்.
லுங்கியும் மஃப்ளருமாய் வந்தவர்
செருப்பைக் கழற்றிவிட்டு
தன் காலையும் பக்கத்தில் வைத்தார்.
கரையில் வேளாங்கண்ணிப் பக்கம் போகும் பஸ்ஸின் வெளிச்சம்.
அந்தப் பளபள நங்கூரம்
இப்போது ஆலை வாசலில் இருக்கிறதாம்,
எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டு.
அதைச் சொல்லிவிட்டு எழுந்தார்.
உள்ளே இறங்கும் படியில் நின்று
திரும்பாமல் கேட்டார்:
"கத்தி எங்க இருக்கு?"