மஞ்சள் குழி

லேவார்டன் மருத்துவமனையின் பின்பக்கம்,
சைக்கிள் கொட்டகைக்கு மேலே என் ஜன்னல்.
தொண்ணூற்றாறு குழி கொண்ட தட்டில்
ஊரார் ரத்தத்தின் தெளிவைச் சொட்டுச் சொட்டாய் இடுவது
பதினாறு வருடமாக என் பிழைப்பு.

நாலாம் வரிசை, ஏழாம் குழி:
விட்ஸ்கே போஸ்ட்மா, வயது முப்பத்து நாலு.
படிவத்தில் மருத்துவரின் கோணல் எழுத்து.
மூன்று ஆண்டாகக் கரு தங்கவில்லை,
கிளமிடியா எதிர்ப்பொருள் பார்க்கவும்.

கழுவினேன். மறுபடி கழுவினேன்.
சாயம் விட்டதும் குழி நீலமானது,
அவசரமில்லாமல், ஈரத் தாளில் மை ஊறுவதுபோல்.
பிறகு ஒரு சொட்டு அமிலம்.
மஞ்சள்.
கருவி அச்சிட்ட எண்ணைப் பார்க்கத் தேவையே இல்லாத மஞ்சள்.

கிருமி என்றைக்கோ போயிருக்கலாம்,
வாடகை பாக்கியோடு இரவோடு இரவாய்க்
காலி செய்துவிட்டுப் போனவனைப்போல.
ரத்தம்தான் இன்னும்
அவன் பெயருக்கு வரும் கடிதங்களை
வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறது.
எந்த மாதம், எந்தக் கட்டில்,
தட்டுக்குத் தெரியாது.
கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்றால்
இருக்கலாம் என்கிறது. அவ்வளவுதான்.

வியாழக்கிழமை தொலைபேசி.
கணவர், ரிங்க் போஸ்ட்மா.
பின்னால் பால் கறக்கும் இயந்திரத்தின் மூச்சு.
"நாங்கள் சேர்ந்து ஆறு வருடம்.
இது அதற்கு முன்பா, பின்பா?"
மருத்துவரிடம் கேளுங்கள் என்றேன். விதி அப்படி.
"என் மாடு ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதி வைத்திருக்கிறேன்.
உங்களிடம் ஒரு தேதி இல்லையா?"
விதி இல்லாவிட்டாலும்
சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.
அவர் நம்பவில்லை.
'பின்பு' என்ற சொல்லை
நான் கைக்குள் பொத்தி வைத்திருப்பதாக நினைத்தார்.

பத்து நாள் கழித்து வந்த குழாய்களில்
ஒன்றின் மேல் அவர் பெயர்.
தன்மேல் கறை இல்லை என்று காட்ட
அடம்பிடித்து வாங்கிய சோதனை.
ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள்.
உறைபெட்டியிலிருந்து அவளுடையதையும் எடுத்து
பக்கத்துக் குழியில் விட்டேன்.
இரண்டும் நீலம்.
இரண்டும் மஞ்சள்.
அவருடையது ஒரு சாயல் கூடுதல்.
அதை வைத்தும் வழக்கு நடத்த முடியாது,
யார் முதலில் என்பது நிறத்தில் இல்லை.

இந்த வேலையில் புதிதாய்ச் சேர்பவர்கள்
ஆசைக்கு ஒருமுறை தங்கள் ரத்தத்தையும் இட்டுப் பார்ப்பார்கள்.
நான் பார்த்ததில்லை.

முடிவு மேலே போனது. தட்டு குப்பைக்குப் போனது.
கால்வாயில் பனிக்கட்டி உடைந்து
வாத்துகள் திரும்பிவிட்டன.
வியாழக்கிழமைகளில் தொலைபேசியை எடுத்ததும்
பேசுகிறவரின் குரலுக்கு முன்னால்
அந்த இயந்திரம் மூச்சு விடுகிறதா என்று
கேட்கிறேன்.