விடைக்குறிப்பில் இல்லாதது

கும்பகோணம், விடைத்தாள் திருத்தும் முகாம், மூன்றாம் நாள்.
பதினேழாவது தாள். பெயர் கிடையாது, எண் மட்டும்.

பரிணாமச் சான்றுகள், ஏழு மதிப்பெண்.
வௌவால் சிறகையும் மனிதக் கையையும்
அடுத்தடுத்து வரைந்திருக்கிறது பிள்ளை,
எலும்புக்கு எலும்பு நிழல் தீட்டி.
அடியில், பென்சிலில், பொடி எழுத்தில்:
'மேலே உள்ளது புத்தகத்தில் இருப்பது.
நான் இதை நம்பவில்லை. மார்க்கைக் குறைக்காதீங்க.'

எந்தச் சாமி என்று எழுதவில்லை.
நாகூரா, வேளாங்கண்ணியா, சாரங்கபாணியா,
தாளைத் திருப்பிப் பார்த்தாலும் தெரியாது.

"அதையெல்லாம் ஏன் சார் படிக்கிறீங்க?
டிக் போட்டுட்டுப் போங்க" என்கிறார்
பக்கத்து மேசை திலோத்தமை டீச்சர்.

ஆடியில் மூன்று பெற்றோர் வந்து நின்றார்கள்,
முத்துப்பேட்டையில், என் வகுப்பு வாசலில்.
குரங்குப் பாடம் வேண்டாமாம்.
தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஒரே பீரியடில் முடித்தேன்,
கரும்பலகையை விட்டுத் திரும்பாமல்.
அலையாத்திச் சேற்றில் துடுப்பூன்றி நடக்கும் மீனைக்
கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று
ஜூனில் சொல்லியிருந்தேன்.
யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

பென்சிலில்தான். ஆனாலும் எழுதிவிட்டது இது.

நம்பிக்கைக்கு விடைக்குறிப்பில் கட்டம் இல்லை.
ஆர எலும்பும் அல்னாவும் இடம் மாறியிருந்தன.
அரை மதிப்பெண் குறைத்தேன்.